ஒதுக்கித் தள்ளிய விநாடிகள்

அக்காவின் பதில் வந்து சேர்ந்தபோது, அதைக் கேட்க வேண்டியவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போயிருந்தார்.

வந்திருந்தவர் அக்காவின் தோழி. பேருந்து நிலையத்து விசாரணை கவுண்டரில் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலி. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வாரம் முழுக்க நிலையத்தில் நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் போவார். அன்றைக்குப் புது மேலாளரைப் பற்றிய பேச்சு.

"வேலைய எப்படிச் சீக்கிரமா முடிக்கணும்னு ஒரு மீட்டிங்டி. காலைல ஆரம்பிச்சவரு சாப்பாட்டு நேரம் வரைக்கும் விடல. வெளிய கூட்டம் கண்ணாடிய உடைக்காத குறைதான்."

அக்காவின் கண்ணில் ஒரு மினுக்கம் வந்ததைத் தங்கை பார்த்தாள். அக்காவின் கட்டைவிரல் பொத்தானை அழுத்த ஆரம்பித்தது. தோழி அதற்குள் மேலாளரை விட்டுவிட்டு மகளின் பல்வலிக்கு வந்து, அங்கிருந்து ஒழுகும் குழாய்க்குப் போய், "சரிடி, வரட்டுமா" என்று எழுந்துவிட்டார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. பிறகுதான் அக்காவுக்காகப் பேசும் கணினி தன் தட்டையான குரலில் சொன்னது.

"மீட்டிங்குக்கு அவரு நேரத்துக்கு வந்தாரா?"

டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த மாமா, அக்காவின் கணவர், திரும்பினார். "யாரு?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒருமுறை மூடித் திறந்தால் ஆமாம். இருமுறை என்றால் இல்லை. மூடியபடியே இருந்தால், விட்டுத் தொலையுங்கள் என்று அர்த்தம்.

அக்கா வாய்க்காரி. கவுண்டர் கண்ணாடியில் இருக்கும் அந்தச் சின்ன அரைவட்டத் துளை வழியாக யார் எதைக் கேட்டாலும், கேள்வி முடியும்போதே பதில் வந்துவிடும். "கடைசி பஸ் போயிடுச்சாம்மா?" என்று ஒருவர் மூச்சு வாங்கக் கேட்டால், "போகலண்ணே, உங்களப் பாத்து பயந்து பின்பக்கம் ஒளிஞ்சிட்டிருக்கு, ஓடிப் போய்ப் பிடிங்க" என்பாள். அவர் சிரித்துக்கொண்டே ஓடுவார். அவள் சொன்னதை யாராவது வீட்டில் போய்த் திருப்பிச் சொன்னால் சிரிப்பே வராது. வார்த்தையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அது விழுகிற நேரத்தில்தான் எல்லாம் இருந்தது.

தங்கை நேர்மாறு. அவளுக்குப் பதில் தோன்றும்போது கேட்டவர் அடுத்த தெருவில் இருப்பார். சிறுவயதிலேயே அக்கா அவளுக்கு ஊமக்குசும்பி என்று பெயர் வைத்துவிட்டாள். "எல்லாத்தையும் கேட்டு உள்ள போட்டு வச்சிருக்கா பாரு. என்னிக்காச்சும் ஒருநாள் மொத்தமா அவுத்து விடுவா."

அக்காவுக்கு வந்தது நரம்பு நோய். முதலில் கால், அப்புறம் கைகள், அப்புறம் நாக்கு. வலது கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அதன் அடியில் ஒரு பொத்தானை வைத்து, தங்கையே ஒரு கணினி நிரல் எழுதிக் கொடுத்தாள். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வரிசையாக வெளிச்சம் இறங்கும். வேண்டிய வரிசையில் வெளிச்சம் வரும்போது அழுத்த வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகரும். மறுபடியும் அழுத்த வேண்டும். துணையெழுத்து வேண்டுமென்றால் இன்னொரு முறை. அக்கா புள்ளி வைப்பதைச் சீக்கிரமே விட்டுவிட்டாள். கணினி எழுத்துகளைப் பார்த்துச் சொல்லை ஊகித்துக் கீழே காட்டும். முழு வாக்கியத்தையும் ஊகிக்கும் வசதியைத் தங்கை சேர்த்தபோது அக்கா அதை எடுக்கச் சொல்லிவிட்டாள். 'என் ஜோக்க நான்தான் முடிப்பேன்.'

தோழி வந்துபோன அந்த ஞாயிறு தங்கை கணினியின் முன் உட்கார்ந்து, "எங்கயோ நேரம் போகுதுக்கா. கண்டுபிடிச்சிடறேன்" என்றாள்.

நேரம் எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு வேலையே. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேகச் சோதனைப் பிரிவு. யாரோ எழுதிய நிரலின் ஒரு துண்டுக்கு முன்னால் டைமரை ஓடவிட்டு, பின்னால் நிறுத்தி, எவ்வளவு நேரம் பிடித்தது என்று பார்க்க வேண்டும். பிரிவின் தலைவரை எல்லோரும் நானோ என்றே அழைப்பார்கள். சாப்பிடப் போகலாமா என்று கேட்டால்கூட இத்தனை நானோ விநாடியில் வருகிறேன் என்று பதில் சொல்வார்.

மறுநாள் அவள் தயங்கித் தயங்கி அவரிடம் அக்காவின் நிரலைக் காட்டினாள்.

"சாதாரணக் கடிகாரத்த வச்சு அளந்திருக்க" என்றார் நானோ. "அது தடுக்கித் தடுக்கி நடக்கும். ரெண்டு அடிக்கு நடுவுல நடக்கிறது அதுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு, நெட்ல இருந்து யாராவது நேரத்தச் சரி பண்ணா பின்னாடி வேற போகும். நம்ம டைமரப் போடு. அதுக்குத் தேதி தெரியாது, மணி தெரியாது. முன்னாடி போறது மட்டும்தான் தெரியும்."

"சரி சார்."

"ஒரு தடவ அளந்துட்டு நம்பாத. நிறைய தடவ ஓட்டு. முதல்ல வர்ற சிலது வார்ம்-அப். மெஷின் இன்னும் சூடாகல, மெதுவாத்தான் இருக்கும், அத எடுத்துடு. நடுவுல எதாவது திடீர்னு எகிறுச்சுன்னா, வேற எவனோ குறுக்க வந்திருக்கான்னு அர்த்தம். அது நாய்ஸ். அதையும் எடுத்துடு. மிச்சத்துல எது குறைச்சலோ, அதுதான் ப்ரோகிராமோட நிஜ வேகம்."

அதெல்லாம் அவளுக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் தலையாட்டினாள். நானோ திரையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாருக்கும்மா இது?" என்றார். அவள் சொன்னாள். 

புது டைமர் உடனே காட்டிக்கொடுத்துவிட்டது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நிரல் மொத்த அகராதியையும் மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தது. அவளே எழுதிய முட்டாள்தனம். அகராதியை ஒரே முறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும்படி மாற்றினாள். தாமதம் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்தது.

அந்த வார இறுதியில் மாமா வேலை முடிந்து வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே புலம்பினார். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர்.

"இன்னைக்கு ஒரு ஆளு, ரிவர்ஸ் எடுய்யான்னா நேரா கொண்டுபோய்ச் சுவத்துல ஏத்திட்டான். கேட்டா, சுவரு குறுக்க வந்துடுச்சுங்கிறான்."

மாமா இரண்டாவது பொத்தானுக்கு வந்திருந்தார். கணினி பேசியது.

"சுவருக்கு லைசென்ஸ் இருந்துச்சா?"

மாமா அப்படியே நின்றார். பிறகு சட்டை பாதி கழன்றபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு எங்கே முடிந்து வேறொன்று எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. "கேட்டியா, கேட்டியா" என்று தங்கையின் தோளை உலுக்கினார். அக்காவின் கண்கள் அகலமாகத் திறந்திருந்தன. அவள் முகத்தில் அசையக்கூடிய எல்லாம் அசைந்தது.

அதற்குப் பிறகு தங்கையால் சும்மா இருக்க முடியவில்லை. நிரலில் குறைக்க இனி ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது வெளிச்சம் நகரும் வேகம்தான். அதைக் கூட்டலாம், ஆனால் கட்டைவிரல் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். எனவே கட்டைவிரலையும் அளந்தாள். வெளிச்சம் வந்த கணத்தில் டைமர் ஓடும், அழுத்தும்போது நிற்கும். அலுவலகத்தில் எழுதிவைத்திருந்த சோதனை நிரலையே கொண்டுவந்து மாட்டினாள். முதலில் வருபவை வார்ம்-அப் என்று ஒதுக்கும். எகிறியவற்றை நாய்ஸ் என்று ஒதுக்கும். மிச்சத்தில் சிறியதை எடுத்து வாரத்துக்கு ஓர் எண் தரும்.

நல்ல எண் வந்தது. அதைப் பார்த்து வெளிச்சத்தை வேகமாக்கினாள். அடுத்த வாரம் மறுபடியும் நல்ல எண். இன்னும் கொஞ்சம் வேகமாக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அக்காவின் தலையை வாரிக்கொண்டே அவள் பேசுவாள். இவ்வளவு பேசக்கூடியவள் என்று அவளுக்கே தெரியாது. "உன் விரல் எங்க ஆபீஸ் மெஷினவிட ஒழுங்குக்கா. இத்தனை மாசமா ஒரு மில்லி செகண்ட்கூட ஏறல. அந்த டாக்டர் விரலும் போயிடும்னு சொன்னாரே, இந்த நம்பரக் கொண்டுபோய் அவர் மூஞ்சி முன்னாடி காட்டணும்." அக்கா கண்ணை ஒருமுறை மூடித் திறப்பாள்.

சுவர் ஜோக்குக்குப் பிறகு இன்னும் சில வந்தன. பிறகு குறைந்தன. மேல் வரிசையில் தயாராக இருக்கும் 'ம்', 'சரி', 'தண்ணி', 'போதும்' ஆகியவைதான் அதிகம் கேட்டன. தோழி வந்து பேசும்போது அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ என்னவோ வேகம் வேகம்னு பண்ற" என்றார் மாமா ஒருநாள், சமையலறையில், அக்காவுக்குக் கேட்காத குரலில். "அவ பேச்சு குறைஞ்சுபோச்சே. மனசு விட்டுட்டாளோ?"

"இல்ல மாமா, நம்பர் நல்லாத்தான் இருக்கு."

"நம்பரா" என்றார் மாமா. பாத்திரத்தைக் கழுவினார்.

ஒரு ஞாயிறு காலை எண்ணே வரவில்லை. அந்த இடத்தில், கணக்கிடப் போதுமான அளவீடுகள் இல்லை என்று இருந்தது. அவளே எப்போதோ எழுதிவைத்த செய்தி. அக்கா இந்த வாரம் பொத்தானையே தொடவில்லையா என்று முதலில் பயந்தாள். பிறகு ஒதுக்கியவை கிடக்கும் இடத்தைத் திறந்தாள். அதுவரை அவள் அதைத் திறந்ததில்லை. அலுவலகத்திலும் யாரும் திறப்பதில்லை.

அக்கா அந்த வாரம் நிறையவே அழுத்தியிருந்தாள். எல்லாம் அங்கே கிடந்தது.

ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி. காலையில் முதல் சில அழுத்தங்கள் நன்றாக, அழகாக இருந்தன. அவற்றை நிரல் வார்ம்-அப் என்று எறிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளம். அவற்றை நாய்ஸ் என்று எறிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியதைத்தான் அவள் வாராவாரம் எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய மாதங்களுக்குப் போனாள். நடுப்பகுதி முன்பு அகலமாக இருந்தது. வாரத்துக்கு வாரம் குறுகி, இப்போது இல்லாமலே போயிருந்தது.

இயந்திரம் ஓட ஓடச் சூடாகும். விரல் ஓட ஓடக் களைக்கும். இதைத் தெரிந்துகொள்ள டைமர் தேவையே இல்லை.

வேறு எவனும் குறுக்கே வரவில்லை. அவை எல்லாமே அக்காதான்.

நாற்காலியைத் திருப்பினாள். அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரல் போயிட்டிருக்காக்கா?"

கண் ஒருமுறை மூடித் திறந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

மறுபடியும் ஒருமுறை.

"ஏன்கா சொல்லல? வெளிச்சம் வேகமா ஓடுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. நான் பாட்டுக்கு..."

கட்டைவிரல் அசைந்தது. வெளிச்சம் அக்காவைத் தாண்டித் தாண்டி ஓடியது. வேண்டிய வரிசையில் அழுத்தம் விழவில்லை. அடுத்ததில் விழுந்தது. அழித்தாள். மறுபடி அதே வரிசைக்குக் காத்திருந்தாள். தங்கை கை நீட்டி வெளிச்சத்தின் வேகத்தைக் குறைத்தாள். பிறகு இன்னும் குறைத்தாள். டைமரை நிறுத்தினாள். சமையலறையில் மாமா குக்கரை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கடைசியில் கணினி பேசியது.

"ஊமக்குசும்பி இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கா. நடுவுல பேசி கெடுக்க வேணாம்னு விட்டேன்."

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலைத் தொடாமல் பிடித்துக்கொள்ளக் கவனமாக இருந்தாள்.

நிரலில் வேகத்தைக் கூட்டியே பழகிய அவள், அன்று மதியம் காத்திருக்கச் சொல்லும் வரிகளை எழுதினாள். இங்கே காத்திரு. இங்கேயும். அழுத்தம் வராவிட்டால் மேலே போகாமல் இன்னொரு முறை அதே வரிசையைக் காட்டு. சோதனை நிரலை முழுவதும் எடுத்துவிட்டாள். அலுவலகத்தில் நானோவிடம் இதைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ப்ரோகிராமுக்குக் களைப்பு கிடையாதும்மா. நமக்கு அது மறந்துபோகுது" என்றார். "லீவு வேணும்னா எடுத்துக்கோ. காரணம் எழுத வேண்டாம்."

அடுத்த ஞாயிறு தோழி வந்தார்.

"உனக்கு ஒண்ணு தெரியுமாடி? மேனேஜர் நம்ம கவுண்டர்ல ஒரு கண்ணாடி போர்டு மாட்டியிருக்காரு. 'தயவுசெய்து காத்திருக்கவும்'னு. அதுவும் எந்தப் பக்கம் பாத்து? நாங்க உக்காந்திருக்கிற பக்கம்! பஸ்ஸுக்கு வர்றவன் கண்ணாடிக்கு வெளிய நின்னு படிக்கிறான், எழுத்து இடவலம் மாறியிருக்குன்னு எங்ககிட்டயே சண்டைக்கு வர்றான்."

மாமா சிரித்தார். அக்காவின் கண்ணில் அந்த மினுக்கம். தோழி அடுத்த பேச்சுக்கு வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் தங்கை.

மூவரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சூடானது. "அக்கா எதோ சொல்லப் போறா. கொஞ்சம் பேசாம இருங்க."

தோழி வாயை மூடிக்கொண்டார். மாமா டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். வெளிச்சம் மெல்ல இறங்கியது. ஓர் எழுத்து விழுந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். தோழி புடவை முந்தானையைச் சுருட்டினார், பிரித்தார். அவர் முகத்தில் சிரிப்பு தயாராக இருந்தது. என்ன வந்தாலும் சிரித்துவிடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. அக்காவும் அதைப் பார்த்தாள்.

போட்ட எழுத்துகளை அழித்தாள். மேல் வரிசைக்கு வெளிச்சம் வரும்வரை காத்திருந்து, அங்கே தயாராக இருந்த ஒன்றை அழுத்தினாள்.

"நீங்க பேசுங்க."

அதன் பிறகு யாராலும் சரியாகப் பேச முடியவில்லை. தோழி வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்துவிட்டார். வாசலில் தங்கையின் கன்னத்தைத் தட்டி, "நீ நல்லதுக்குத்தான் சொன்ன" என்றார்.

தங்கை திரும்பி வந்து அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து துணிகளை மடித்தாள். மாமாவுக்கு மதியம் ஒரு வகுப்பு இருந்தது. சாவியைத் தேடினார், எடுத்தார், போனார். சன்னல் வெயில் சுவரிலிருந்து கட்டிலுக்கு இறங்கியிருந்தது. அக்கா தூங்கவில்லை, விரல் வேலையாக இருந்தது. தங்கை திரையைப் பார்க்கவில்லை. பார்த்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

எல்லாத் துணியையும் மடித்து முடித்தாள். மடித்த சிலவற்றைப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

'அந்த போர்ட என் கழுத்துல ம'

அவ்வளவுதான் இருந்தது. கீழே 'மாட்டு' என்று கணினி ஊகித்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஓர் அழுத்தம் போதும். தங்கை கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அக்கா இன்னும் அந்தப் போர்டிலேயே இருக்கிறாள் என்று உலகத்தில் அவளைத் தவிர இப்போது யாருக்கும் தெரியாது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்காமல் வந்தது. அக்காவின் கண்கள் அவளைப் பார்த்தன, ஒருமுறை மூடித் திறந்தன.

அவள் கைப்பேசியை எடுத்தாள். யாருக்கும் தானாகப் போன் செய்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. எழுந்து சன்னலோரம் போய் நின்றாள். தோழி உடனே எடுக்கவில்லை. இரண்டாவது முறை எடுத்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?" குரலில் பயம்.

"ஒண்ணும் ஆகலக்கா. நீங்க சொன்னீங்கல்ல, அந்தப் போர்டு. காத்திருக்கவும்னு."

"ஆமா."

"அந்த போர்ட என் கழுத்துல..." என்று அக்காவின் குரலில் சொன்னாள். தன் தொண்டையில் அந்தக் குரல் இருந்தது அவளுக்கே தெரியாது. "அதுவரைக்கும்தான் எழுதியிருக்கா."

மறுமுனையில் தோழி சிரித்தார். தயாராக வைத்திருந்த சிரிப்பு இல்லை. மூக்கால் வரும், அடக்கமில்லாத, பழைய கவுண்டர்ச் சிரிப்பு. தங்கை அவசரமாக ஒலிபெருக்கியைப் போட்டு, கைப்பேசியைத் தலையணைக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

அக்கா தூங்கிவிட்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கட்டைவிரல் பொத்தானிலிருந்து நழுவிப் போர்வையின் மேல் கிடந்தது.

"கேக்குதாடி? கழுத்துலயாம்! அடிப்பாவி!" கைப்பேசி சிரித்துக்கொண்டே இருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. தங்கை இணைப்பைத் துண்டிக்கவில்லை. கைப்பேசியை அக்காவின் காதருகே அப்படியே வைத்துவிட்டு, நழுவிய விரலை எடுத்துப் பொத்தானின் மேல் வைத்தாள்.

திரையில் வெளிச்சம் முதல் வரிசைக்குத் திரும்பி வந்து, மெல்ல இறங்கத் தொடங்கியது.